நீ நீட்டிய பாயேஷை நான் ஏன் வாங்கவில்லை

ஏட்டி மகளே,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றது வாயில் வரும். போன மாதம் ஒரு காலையில் லேக்கைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது என் டிராக் பேன்ட் கழன்று கணுக்காலில் போய் விழுந்தது. என் பேன்ட் என்றால் என்னுடையது இல்லை, உன்னுடையது. உனக்குப் பதினாலு வயதில் கரியாஹாட் கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கி, நீ ஒருநாள்கூடப் போடாமல் அலமாரி அடியில் கிடந்ததே, அந்த நீலப் பேன்ட். நாடா இற்றுப்போயிருந்தது. பேன்ட்டைப் பிடித்து நிறுத்த எனக்கு இடுப்பு என்று ஒன்றும் கிடையாது. எதிரே அந்தச் சிரிக்கிற சங்கத்துக்காரர்கள் வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தினமும் சிரிப்பதற்கென்றே அங்கே கூடுகிற ஆட்கள், என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

நான் ஏன் உன் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு நடக்கிறேன் என்று கேட்பாய். அப்பாவுக்கு முட்டி வலி, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று அம்மா உன்னிடம் போனில் சொன்னாள். முட்டிக்கு ஒன்றும் இல்லை. எனக்கு சுகர். டிரைவர்களுக்கு ஆபீசில் வைத்த மெடிக்கல் செக்கப்பில் தெரிந்தது. கல்யாணம் முடியும்வரை உன் காதுக்குப் போகக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியவன் நான்தான். இப்போது நானே அதை உடைக்கிறேன். ஏனென்றால் நேற்று மொட்டைமாடியில் நீ பாயேஷ் என்கிற இந்த ஊர்ப் பாயசக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாய், நான் வேண்டாம் என்றேன், நீ கிண்ணத்தோடு இறங்கிப் போனாய். இத்தனை வருஷம் கழித்து என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை, கடைசியில் நீட்டியதை அப்பா தள்ளிவிட்டார் என்ற நினைப்போடு இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அலிப்பூர் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். சாகிப் மீட்டிங்கில் இருக்கிறார். இரண்டு தடவை முழங்கை பட்டு ஹாரன் அடித்துவிட்டது, வாட்ச்மேன் ஓடிவந்து கேட்டைத் திறந்துவிட்டுத் திட்டினான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. நீயோ தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். ஜோடி பொருத்தம்தான். புரியாத இடத்தை அம்மாவிடம் கேட்காதே, பேன்ட் விஷயம் அவளுக்குத் தெரியாது.

நான் கேலிக்காரன் என்பது நம் காளிகாட் சந்து முழுக்கத் தெரியும். பாஷை தெரியாத ஊரில் பதினைந்து வயதில் வந்து இறங்கியவன் நான். மாமாவின் இட்லிக்கடையில் தட்டு கழுவும்போது, வருகிறவர்களைச் சிரிக்க வைத்தால் அடுத்த நாளும் வருவார்கள் என்று தெரிந்துகொண்டேன். அதே வாயோடு டிரைவர் ஆனேன், அதே வாயோடு உன் அம்மாவைக் கட்டினேன், அதே வாயோடு உனக்கு அப்பாவும் ஆனேன். நீ குண்டாக ஆரம்பித்தபோது உனக்கு நான் வைத்த பேர்களை இப்போது ஒவ்வொன்றாக எழுத எனக்குக் கை வரவில்லை. ரசகுல்லாவில் தொடங்கி, லாரி, டபுள் டெக்கர் என்று எனக்குத் தெரிந்த வண்டி எல்லாம் வந்துபோனது. பள்ளிக்கூட வாசலில் உன்னை இறக்கிவிட்டு, "பாத்து இறங்குட்டி, ரோட்டுல பள்ளம் விழுந்தா கார்ப்பரேஷன்காரன் எங்கிட்ட வருவான்" என்பேன். உன் சிநேகிதிகள் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். நீயும் சிரித்ததுதான் என்னை ஏமாற்றிவிட்டது.

உனக்குப் பதினாலு வயதில் வந்த துர்கா பூஜோவுக்கு முந்தின சாயங்காலத்தை நீ மறந்திருக்கலாம். மறந்திருந்தால் நல்லது. எனக்கு அது போகவில்லை. புது ஃபிராக் போட்டுப் பார்க்கிறேன் என்று நீ வந்து நின்றாய். முதுகுப் பக்கம் ஜிப் போட்ட அம்மா உன் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"எத்தன நாளா தேய்க்கல நீ? கழுத்தச் சுத்திக் கரி பூசுன மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டு மாஷிமா பாத்தா என்ன நெனைப்பா?"

"தேச்சுட்டேம்மா. போவ மாட்டேங்கு."

"தேய்க்கிற மாதிரி தேச்சா போவும்."

கடலைமாவும் பீர்க்கங்கூடும் எடுத்துக்கொண்டு அம்மா உன்னைக் குளியலறைக்கு இழுத்துப்போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாசலில் நின்ற ஆபீஸ் காரிலிருந்து, வண்டி கழுவுகிற ஸ்பாஞ்சை எடுத்துவந்து கதவிடுக்கில் நீட்டினேன். "இந்தா, அம்பாசடர் மட்காட்ல காஞ்ச சேறே இதுல போயிருது, உன் கழுத்து போவாதா?" அம்மாவே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். உன் கை மட்டும் வெளியே வந்து ஸ்பாஞ்சை வாங்கிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு உள்ளே ஒரே சத்தம், சர் சர்ரென்று. நான் டீ குடித்து முடித்தேன், அது நிற்கவில்லை. பேப்பரை எடுத்துப் படம் பார்த்தேன், அது நிற்கவில்லை. மறுநாள் பந்தலுக்குப் போகும்போது அந்த வெக்கையில் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டிருந்தாய். அம்மா விலக்கிப் பார்த்தபோது தோல் உரிந்து ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. அதற்கு அடியில் அந்தக் கறுப்பு அப்படியே இருந்தது.

காரைத் தினமும் கழுவுகிறவன் நான். ஸ்பாஞ்சைக் கதவில் வைத்து இழுத்தால் அதே சத்தம்தான் வரும். இத்தனை வருஷமாக ஒவ்வொரு காலையும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கிறேன். துணிக்கு மாறிப் பார்த்தேன். துணியிலும் வருகிறது.

அப்புறம் அந்த டாக்டரம்மா. உன் துப்பட்டாவை எடுத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "தேய்த்தது யார்?" என்றார். நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்தோம். அழுக்கு இல்லை இது என்றார். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், அது ரத்தத்தில் கூடிக்கொண்டே போனால் கழுத்திலும் அக்குளிலும் தோல் இப்படித் தடித்துக் கறுக்கும், சர்க்கரை வியாதி வருவதற்கு முந்தியே உடம்பு காட்டுகிற அடையாளம், எத்தனை தேய்த்தாலும் வெளியே இருந்து போகாது என்றார். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எழுதினார். பட்டினி போடாதீர்கள், வளர்கிற பிள்ளை. பாட்டிலில் வருகிற இனிப்புத் தண்ணியை நிறுத்துங்கள், ஓடி விளையாடட்டும், நேரத்துக்குத் தூங்கட்டும். இவளுக்கு மட்டும் தனித்தட்டு வைக்கக் கூடாது, வீட்டில் எல்லோரும் இவள் சாப்பிடுகிறதையே சாப்பிடுங்கள். கடைசியாக என் பக்கம் திரும்பி, "இவள் உடம்பைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் பேச வேண்டாம்" என்றார். நான் என்ன பேசுவேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

பிறகு, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டார். நான் எழுந்து நின்று சட்டையை இழுத்துக் காட்டினேன். "என்னப் பாருங்க மேடம், தொடப்பக்குச்சி. எங்கிட்ட இருந்து இவளுக்கு இது வந்திருக்காது. அவ அம்மா பக்கம் கேளுங்க." நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்றார். "ஒரு சொட்டு எடுத்தாலும் மடங்கிக் கீழ விழுந்துருவேன்" என்றேன். நர்ஸ் சிரித்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எல்லாம் தன் தப்புத்தான் என்று நீ அந்த ரூமில் வைத்து முடிவுகட்டியிருக்கிறாய். முடிவுகட்டிக் கொடுத்தவன் நான்.

டாக்டரம்மா சொன்னதில் உனக்கு வலிக்கிற பாதியை மட்டும் நாங்கள் செய்தோம். உனக்கு வெள்ளரிக்காய், ஓட்ஸ் கஞ்சி, எண்ணெய் இல்லாத சப்பாத்தி. எங்களுக்குப் பழையபடி எல்லாம். ஞாயிற்றுக்கிழமை காலை நான் கடையிலிருந்து சுடச்சுடக் கச்சோரி வாங்கிவருவதை நிறுத்தவில்லை. உன் எதிரிலேயே பிய்த்து, ஆவியை ஊதி உன் பக்கம் தள்ளி, "வாசனைக்குத் தடை இல்லட்டி, இழுத்துக்கோ" என்றேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாய்.

"எங்கட்டி போற?"

"பசிக்கலப்பா. அப்பறம் சாப்பிடுதேன்."

அன்றிலிருந்து நீ என் முன்னால் சாப்பிடவில்லை. முதலில் நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. தட்டு உன் ரூமுக்குப் போகும், காலியாக வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வாய். உள்ளே இருந்து காகிதம் கசங்குகிற சத்தம் வரும், கரியாஹாட் முனையில் ரோல் சுற்றித் தருவார்களே, அந்தக் காகிதம். மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்று பிரிக்கிற சத்தம். டியூஷனுக்குப் பஸ்ஸில் போகக் கொடுத்த காசில் வாங்கி, அந்தத் தூரத்தை நடந்தே போயிருக்கிறாய். ஒரு பிள்ளை தன் வீட்டில் திருடி மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது, நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அடுத்த கேலியை யோசித்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் சாகிப் பின் சீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். மெதுவாகத்தான் பிரித்தார். என் கால் தன்னால் பிரேக்கில் போய் விழுந்தது. அவர் நெற்றி முன்சீட்டில் இடித்தது. நாய் குறுக்கே வந்தது என்றேன்.

அதற்கப்புறம் உன்னை நீயே சரிபண்ணிக்கொண்டாய். காலேஜுக்குப் போன பிறகு அதே டாக்டரம்மாவிடம் தனியாகப் போனாய், நீச்சல் கற்றுக்கொண்டாய், சால்ட்லேக்கில் வேலை கிடைத்து அந்தப் பக்கமே தங்கி உனக்கு நீயே சமைத்தாய். நீ ஒல்லியாகவில்லை, ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்வாய், அம்மா என்னிடம் சொல்வாள். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் மட்டும், என் டூட்டி நேரம் பார்த்துச் சாப்பிடுவாய். நானும் தெருமுனையில் நின்று, நீ கை கழுவியிருப்பாய் என்று கணக்குப் பண்ணிக்கொண்டு வருவேன். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

செக்கப்பில் சுகர் என்று சொன்னது ஒரு சின்ன வயது டாக்டர். "குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?" என்று அவனும் கேட்டான். நான் என் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். உடம்பு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும், நம் ஆட்களுக்கு இது சகஜம், பிள்ளைகளுக்கும் இது வரலாம் என்று சொல்லிக்கொண்டே போனான். "ஒல்லியா இருந்தா வராதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றான். "நான்தான் சொன்னேன்" என்றேன். அவன் சிரித்தான். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

உன் கழுத்தில் நாங்கள் தேய்த்தது அழுக்கை இல்லை, என்னைத்தான் என்று நினைக்கிறேன். உன் ரத்தத்துக்குள் நான் கொடுத்தது வெளியே எட்டிப்பார்த்தது, அதை நீயே தேய்த்து எடுக்கட்டும் என்று நானே ஸ்பாஞ்சையும் கொடுத்தேன். பழியை நான் அன்றைக்கு அம்மா பக்கம் தள்ளிவிட்டதை அவள் இன்றுவரை ஒரு சண்டையில்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, ஆனாலும் கல்யாணத்துக்குக் கடிதம் எழுதுகிற அப்பன் ஏதாவது சொல்லியாக வேண்டும். உன் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்று இனிமேல் எந்த டாக்டர் கேட்டாலும் மறைக்காமல் சொல், பிள்ளை உண்டாகும்போது முதல் நாளே சொல். வருஷத்துக்கு ஒருதடவை ரத்தம் பார்ப்பதை விட்டுவிடாதே. மாப்பிள்ளைக்கு வேறு சோறு, உனக்கு வேறு சோறு என்று ஒருநாளும் அடுப்பைப் பிரிக்காதே. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது கொழுகொழுவென்று இருந்தாலும் குச்சியாக இருந்தாலும், அதன் உடம்பை வைத்து யாரும் அதற்குப் பேர் வைக்க விடாதே. நான் வைத்தால் என்னை வெளியே அனுப்பு. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முந்தி பெண்ணை உட்காரவைத்து ஆய்புரோ பாத் என்கிற விருந்து போட வேண்டும் என்று பக்கத்து வீட்டு மாஷிமா ஒற்றைக்காலில் நின்றாள். வெண்கலத் தட்டு, சுற்றி வரிசையாகக் கிண்ணம், விளக்கு, சங்கு, சுற்றி நின்று பெண்கள் எல்லோரும் நாக்கைச் சுழற்றிக் குலவையிட, கன்னிப்பெண் நடுவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். "அவளுக்கு நாலு பேர் பாத்தா சாப்பாடு இறங்காது மாஷிமா, வேண்டாம்" என்று கெஞ்சினேன். "என்ன அப்பன் நீ, பெண்ணைப் பசியோடு அனுப்புவாயா?" என்றாள் வங்காளத்தில். உன்னையே கேட்கட்டும் என்று விட்டேன். நீ சரி என்றுவிட்டாய்.

நீ நடுவில் உட்கார்ந்ததும் நான் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டேன். நான் இல்லாவிட்டால் உனக்கு ஒரு வாயாவது இறங்கும் என்றுதான். பந்தல்காரர் அடுக்கிவைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் படியில் வளையல் சத்தம். நீ தட்டோடு வந்து நின்றாய்.

"இங்க என்னப்பா பண்ணுதீங்க?"

"கீழ குலவைச் சத்தம். காது அடைச்சுட்டு."

"பொய்."

"சரி, பொய்."

"கீழ பத்துப் பேர் பாக்காங்க. இங்க நீங்க ஒருத்தர்தான். பரவால்ல."

தண்ணீர்த்தொட்டி மேடையில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாய். கத்தரிக்காய் வறுவலைப் பிய்த்தாய். பருப்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தாய். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பக்கத்து மாடிக் கொடியில் காய்ந்த போர்வையைப் பார்த்தேன். ஒரு பெரிய மீன் தலை தட்டில் இருந்தது. அது உன்னை முறைத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி எனக்கு மூன்று கேலி வந்தது. மூன்றையும் விழுங்கினேன்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே."

"இல்லட்டி."

"சொல்லுங்க, சிரிச்சுக்கிடுதேன்."

"மீன் ஆறிரும். சாப்பிடு."

நீ குனிந்து முள்ளை எடுக்க ஆரம்பித்தாய். கொண்டையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். உன் பின்கழுத்தை எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் வெயிலில் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஓரத்தில் மட்டும் கீறல் மாதிரி ஒரு தழும்பு. கறுப்பு போய்விட்டது, நாங்கள் பண்ணினது போகவில்லை. நீ நிதானமாக, ஒளிக்காமல், விரலைச் சப்பி, கறியை மென்று, சட்னியை நக்கிச் சாப்பிட்டாய். நான் மூச்சுகூடப் பலமாக விடவில்லை.

கடைசியில் ஈச்சவெல்லப் பாயேஷ். நீ தொடுவதற்கு முந்தி கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாய். "இது உங்களுக்கு. மொதல்ல நீங்க."

"வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான். காரணத்தைச் சொன்னால் சர்க்கரை என்று சொல்ல வேண்டும், சர்க்கரை என்றால் அன்றைக்கு டாக்டரம்மா முன்னால் சட்டையை இழுத்துக் காட்டியது வரைக்கும் போக வேண்டும். ஒரு ஜோக்கால் மூடியிருப்பேன், ஜோக் எல்லாவற்றையும் அப்போதுதான் விழுங்கி வைத்திருந்தேன். உன் முகம் மாறியது. பதினாலு வயது முகம் அது. கிண்ணத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு எழுந்தாய்.

நாளைக் காலை அம்மா எனக்குக் கோதுமை ரவை உப்புமாவும் சீனி போடாத காபியும் வைப்பாள். ருசி என்று சொல்ல மாட்டேன். டூட்டிக்கு லீவு போட்டிருக்கிறேன். நீ எதிரே வந்து உட்கார்ந்து அதையே சாப்பிடுவாயா? நான் வாயைத் திறக்க மாட்டேன், சாப்பிடுவதற்கு மட்டும் திறப்பேன்.

நேற்று நீ படி இறங்கும்போதே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எழப் பார்த்தேன். கைப்பிடியில் கையை ஊன்றியதும் நாற்காலியின் பின்கால் இரண்டும் விலகின. நான் மல்லாக்கப் போய் விழுந்தேன். உன்னைப் பார்த்ததும் கீழே குலவை மறுபடி எழுந்தது, அதனால் யாருக்கும் கேட்கவில்லை. தொட்டிக் குழாயைப் பிடித்து எழுந்து, உடைந்த நாற்காலியை மற்ற நாற்காலிகளுக்கு அடியில் சொருகிவைத்தேன். கல்யாணத்தன்று நான் நொண்டுவதைச் சம்பந்தி வீட்டார் கேட்டால் படி வழுக்கியது என்று சொல். எவ்வளவு கனத்த ஆள் உட்கார்ந்தாலும் தாங்கும் என்று பந்தல்காரர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். என் எடை ஐம்பத்திரண்டு கிலோ.